அட்டையில் இருக்கும் தேதி

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

பூச்சி எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. நான் எப்போதும்போல இருக்கிறேன். உனக்கு இருமல் நின்றதா? டைல்ஸ் அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள்.

அக்காவுக்கு இடம் கூடிவிட்டது. மாப்பிள்ளை பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். நான் வழக்கம்போல சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து வந்தவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மாப்பிள்ளையின் அம்மா வாயே திறக்கவில்லை. தரகர்தான் பேசிக்கொண்டே இருந்தார். "அப்பா இல்லாத வீடுன்னு யோசிக்காதீங்க. பொண்ணோட தம்பி வெளிநாட்டுல இருக்கான். பெரிய கம்பெனி" என்றார். காபி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்த அம்மா, "சரி, முடிச்சிடலாம்" என்றார்கள்.

அவர்கள் போனதிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. "என் புள்ள பேரைச் சொன்னதும்தான் அவங்க மனசு எறங்குச்சு, பாத்தியா!" என்கிறாள். தரகர் போகும்போது வாசலில் நின்று, "தம்பி இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்மா. கல்யாணம் முடியிற வரைக்கும் ஆட்டாம அசைக்காம வச்சுக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார். நீ என்னவோ உறை ஊற்றிய பால் மாதிரி.

ஜூன் கடைசியில் கல்யாணம். லீவு கேட்க வேண்டாம் என்கிறாள் அம்மா. நீ வந்து நின்றால், வேலை போய் வந்துவிட்டான் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். எனக்கு நீ வந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் சொல்வது இந்த வீட்டில் யார் காதில் விழும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பூச்சி


மார்ச் 22

அன்புள்ள பூச்சிக்கு,

இருமல் போய்விட்டது, போகும்போது தொண்டையையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அம்மா காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடு.

இந்தக் கடிதம் ஏன் உன் தையல்கடை விலாசத்துக்கு வருகிறது என்று முழிப்பாய். வீட்டுக்கு வேறொன்று போட்டிருக்கிறேன். அதை அம்மாவுக்கும் அக்காவுக்கும் சத்தமாக வாசி. இதை நீ மட்டும் படி. பூச்சிக்கு வாய் கிடையாது என்று ஊரே சொல்கிறது, அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாங்கள் டைல்ஸ் ஒட்டிய கட்டடம் முடிந்துவிட்டது. கம்பெனியிடம் அடுத்த வேலை இல்லை. இருபதாம் தேதி ஆபீசில் கூப்பிட்டு எங்கள் பதினோரு பேருடைய விசாவையும் ரத்து செய்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, "ஊருக்கு டிக்கெட் போடவா?" என்று கேட்டார் கிளார்க். எனக்கு உன் கடிதம் அன்று காலையில்தான் வந்திருந்தது. வேண்டாம், வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்படியானால் எல்லாம் வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடு என்றார். போட்டேன். என்ன எல்லாம், எதை வாங்கினேன் என்று எனக்கே தெரியாது.

பயப்படாதே. ஒரு நல்ல காலம், என் வேலை அட்டையைத் திருப்பி வாங்க கிளார்க் மறந்துவிட்டார். அதில் அடுத்த வருஷம் நவம்பர் வரை தேதி அச்சடித்திருக்கிறது. மேஸ்திரியிடம் காட்டினேன். "தேதி இருக்குல்ல? அப்புறம் என்னடா? போலீஸ்காரன் கேட்டா நீட்டு. அவன் தேதியைத்தான் பாப்பான், உன் ஜாதகத்தையா பாக்கப்போறான்?" என்றார். நவம்பருக்குள் நான் பத்து கம்பெனி பார்த்துவிடுவேன்.

கம்பெனி கொடுத்த தங்குமிடத்தில் கொஞ்ச நாளைக்கு இருக்கலாம். பழைய விலாசத்துக்கே எழுது. வீட்டில் மூச்சு விடாதே.

அண்ணன்


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று கடைக்கு வந்தது. அம்மா, அக்கா இருவரும் சுகம். என் உடம்புக்கும் ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை. அதனால் வளர்த்தாமல் எழுதுகிறேன்.

எங்கள் கடையம்மாவின் வீட்டுக்காரர் டிரைவராக வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவர். தினமும் சாயங்காலம் கடை வாசலில் வந்து உட்காருவார். அவரிடம் கேட்கலாம் என்று நினைத்தாலே எனக்குக் கை வியர்த்தது. காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையில் ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. கடையம்மா நூல் வாங்கப் போன சமயத்தில் எழுந்து போய், விசா ரத்தானால் அட்டையில் இருக்கும் தேதி வரைக்கும் இருக்கலாமா மாமா என்று கேட்டுவிட்டேன்.

"அடேங்கப்பா, உனக்குப் பேச்சு வருமா?" என்றார் முதலில். அப்புறம், "யாருக்குக் கேக்குற?" என்றார். தெரிஞ்சவங்களுக்கு என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரத்து பண்ணின அன்னிக்கே அந்த அட்டை செத்துப்போச்சும்மா. மேல அச்சடிச்ச தேதிக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ரத்தான நாள்லேருந்து ஒரு மாசம் தவணை தருவாங்க. அதுக்குள்ள வேற கம்பெனிக்காரன் முறையா எழுதி உன் பேரை எடுத்துக்கணும். இல்லேன்னா விமானம் ஏறணும். ரெண்டும் இல்லாம தங்கினா ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறும். மாறாம இன்னொருத்தன்கிட்ட வேலை பாத்தா அது தனிக் குத்தம். மாட்டினா உள்ள வச்சு, அப்புறம்தான் அனுப்புவான். திரும்ப அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. டிக்கெட் கம்பெனிதான் போடணும். கேட்டு வாங்கணும். கைக்கு வராததை வந்துச்சுன்னு எழுதிக் கொடுக்கவே கூடாது."

எழுத்துக்கு எழுத்து இதுதான் அண்ணா. இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஆபீசுக்குப் போய் டிக்கெட் கேள். வந்துவிடு. கல்யாணத்தைப் பற்றி யோசிக்காதே. அம்மாவிடம் நான் சொல்கிறேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்வேன்.

பூச்சி


ஏப்ரல் 14

அன்புள்ள பூச்சிக்கு,

நலம்தானே எல்லோரும்? என் எடை கூடிவிட்டது என்று அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

உன் பதிலை எதிர்பார்த்தேன், வரவில்லை. பேச்சில்தான் ஊமை என்றால் எழுத்திலுமா? தங்குமிடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கட்டிலைக்கூட நாங்கள் இறங்குவதற்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது ஒரு சலவைக்கடைக்கு மேல் மாடியில் எட்டுப் பேர் இருக்கிறோம். கீழே இஸ்திரி போடும் சூடு தரை வழியாக ஏறும். குளிர்காலத்துக்கு ரொம்ப வசதி என்கிறான் பக்கத்துப் படுக்கைக்காரன். குளிர்காலம் இந்த ஊருக்கு வழி தெரியாமல் அலைகிறது.

மேஸ்திரி வீடுவீடாகக் குளியலறை வேலை பிடித்துத் தருகிறார். பெரிய கட்டடத்தை விட இது நல்லது, வீட்டுக்காரர்கள் தேநீர் கொடுக்கிறார்கள். நேற்று ஒரு வீட்டுக்கார அம்மா சுவரைத் தடவிப் பார்த்து, ஒரு கல்லும் பிசகவில்லையே என்றார்கள். அந்த அம்மாவின் பாஷையில்தான் சொன்னார்கள், ஆனாலும் புரிந்தது.

பத்திரிகை அடித்தாயிற்றா? என் பெயரை எங்கே போட்டார்கள்? புது விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இனி இதற்கே போடு.

அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்களுக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நான் பதில் போட்டேன் அண்ணா. கிடைத்த மறுநாளே போட்டேன். அது பழைய தங்குமிடத்துக்குப் போயிருக்கும். அதில் எழுதியதை மறுபடி எழுதுகிறேன். அட்டையில் இருக்கும் தேதி செல்லாது. ரத்தான நாளிலிருந்து ஒரு மாதம்தான். நீ இருபதாம் தேதி என்று எழுதியிருந்தாய். போன வாரத்தோடு முடிந்துவிட்டது. குளியலறை வேலையும் குற்றமாம். ஒரு வீட்டுக்கும் போகாதே.

உன் கடிதம் வந்த அன்றே மருந்துக்கடைக்குப் போய், நீ முன்பு கொடுத்திருந்த கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். உன் கூட்டாளிகள் யாராவது இருந்தால் தகவல் சொல்லச் சொல்லலாம் என்று. யாரோ எடுத்து ஏதோ பாஷையில் கேட்டார்கள். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை வாங்க வந்தவர்களும் பார்த்தார்கள். உன் பெயரைக்கூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

பத்திரிகையில் உன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு வெளிநாடு என்று அச்சடித்திருக்கிறார்கள். அம்மா விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள், அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும்.

வந்துவிடு அண்ணா. அம்மாவிடம் சொல்லட்டுமா? ஒரு வரி எழுது.

பூச்சி


மே 18

அன்புள்ள பூச்சிக்கு,

உடம்பு நலம். உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கைக்கு வந்தன. பழையதைத் தங்குமிடத்துக் காவல்காரர் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் கொடுத்தார். வியர்வையில் பாதி மை கரைந்திருந்தது. இரண்டாவது இருந்ததால் முதலாவதைப் படிக்க முடிந்தது.

மேஸ்திரியிடம் போய், தேதி இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னீங்களே என்று கேட்டேன். "நான் என்ன கோர்ட்டா? எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். வேலை வேணும்னா வா, இல்லாட்டி போ" என்றார். கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார். கேட்டால், "போலீஸ்ல போய்ச் சொல்லேன்" என்கிறார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரை அடிக்கவும் தோன்றியது, ஆனால் நாளைக்கு வேலை அவரிடம்தான்.

இப்போது நன்றாகக் கேள். தவணை முடிந்துவிட்டது. இன்று போனாலும் ஒரு மாதம் கழித்துப் போனாலும் குற்றம் குற்றம்தான். இன்று வந்தால் கூடுதலாக அக்கா கல்யாணமும் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் வெளிநாட்டில் இருக்கும் தம்பியைப் பார்த்துத்தான் சரி என்றார்கள். நீதான் எழுதினாய். ஆகவே ஜூன் கடைசி வரை நான் வெளிநாட்டில்தான் இருக்க வேண்டும். அப்புறம் நானே போய் விசா ஆபீசில் நிற்கிறேன்.

அம்மாவிடம் சொன்னாயானால் இதுவரை நான் பட்டதெல்லாம் பாழ். என் மேல் சத்தியமாகச் சொல்லாதே. பெரிய சாலையில் போவதில்லை, சந்து வழியாகத்தான் நடக்கிறேன். இந்த ஊர்ச் சந்துகள் எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி.

அண்ணன்


ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு அலைச்சலில் கால் வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

அக்கா கல்யாணம் முடிந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் மாதம் என்பதால் கடையம்மா ஒரு நாள்தான் லீவு கொடுத்தார்கள். நான் பாதியில் விட்ட பள்ளியின் சீருடைதான். கூடப் படித்தவர்களின் அளவெல்லாம் இப்போது என் நாடாவில் இருக்கிறது. அளவு கொடுக்க வந்த யாரும் என்னிடம் பேசவில்லை, நானும் நிமிரவில்லை.

மண்டபத்தில் எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். "லீவு குடுக்கலையாம். அவன் இல்லேன்னா அங்க வேலையே ஓடாதாம்" என்று அம்மா ஆளுக்கு ஆள் சொன்னாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டேன்.

சீருடைக் கட்டோடு கடை வாசலில் இறங்கியபோது டிரைவர் மாமாவிடம் மறுபடி கேட்டேன். "பிடிபடுறதுக்கு முன்னாடி தானா போய் நின்னா தண்டனை கொறையும். பிடிபட்டா அந்தச் சலுகை கெடையாது" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணனா?" என்றார். நான் தலையை ஆட்டவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் கேலி பேசுவதில்லை.

நீ சொன்ன ஜூன் கடைசியும் வந்துவிட்டது அண்ணா. நாளைக்கே போ.

பூச்சி


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜூலையில் இரண்டு கடிதம் போட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் கடைப் பக்கம் திரும்பும்போதே தலையை ஆட்டிவிடுகிறார்.

அம்மா கேட்கும்போதெல்லாம் உன் பழைய கடிதங்களை எடுத்துப் புதிதாக வந்ததுபோல வாசிக்கிறேன். இருமல் போய்விட்டது என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும், "அப்பாடா" என்கிறாள்.

எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

பூச்சி


ஆகஸ்ட் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் உன் அத்தானும் சௌக்கியம். அம்மாவைப் படி ஏறி இறங்க விடாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு, இல்லாவிட்டால் நூல் கண்டிலேயே காணாமல் போய்விடுவாய்.

ஒரு வேடிக்கை கேள். நேற்று மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி வெளிநாட்டில் இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகத்தான் பேசினேன். அவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தரகர் வெளிநாடு வெளிநாடுன்னு அடிச்சு விட்டப்போ எனக்கு எழுந்து போயிடலாம்னுதான் இருந்துச்சு" என்றார்கள். உன் அத்தானின் பெரிய அண்ணன் முன்பு வெளிநாட்டில் வேலைக்கு இருந்தவராம். விசா ரத்தாகி அடுத்த வாரமே வந்துவிட்டாராம். "வந்தவனை ஊரே கேலி பண்ணுச்சு. நான் அவனுக்குச் சோறு போட்டு, போனது போகட்டும்னு சொன்னேன். பையனைக் கண்ணு மறைவா அனுப்பிட்டு உக்காந்திருக்கிற வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பாத்துத்தான் சரின்னேன். உன் தம்பிக்காக இல்ல" என்றார்கள்.

நாம் வீட்டில் என்னென்ன கற்பனை செய்தோம், பார்த்தாயா?

இன்னொன்று. உன் அத்தான் கடைக்கு மேலே மாடி கட்டுகிறார். தளத்துக்கு டைல்ஸ் ஒட்ட ஒழுங்கான ஆள் கிடைக்காமல் அலைகிறார். "உன் தம்பி அங்க யாருக்கோ ஒட்டுறதை இங்க வந்து ஒட்டினா என்ன? வரச் சொல்லேன். ஒண்ணு முடிஞ்சா நானே நாலு எடம் பிடிச்சுத் தர்றேன்" என்கிறார். உனக்குத்தானே அவன் அடிக்கடி எழுதுவான். கிளம்பி வரச் சொல்லி எழுது.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள பூச்சிக்கு,

உயிரோடு, நலமாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஜூலை முதல் வாரம் விசா ஆபீசில் போய் நிற்பதற்காகத்தான் கிளம்பினேன். சட்டை மாற்றி, தலை சீவி, பாஸ்போர்ட்டை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸிலேயே சோதனை வந்துவிட்டது. நானே ஆபீசுக்குத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த அவர்கள் பாஷையில் சொன்னேன். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. போலீஸ்காரர் அட்டையை வாங்கி, கையிலிருந்த மெஷினில் நம்பரைத் தட்டினார். தேதியை அவர் பார்க்கக்கூட இல்லை.

பிடித்தவர்களை எல்லாம் இங்கே ஒரு பெரிய கூடத்தில் வைத்திருக்கிறார்கள். வேளைக்குச் சாப்பாடு வருகிறது. தரையில் டைல்ஸ் ஒட்டியவன் யாரென்று தெரியவில்லை, மட்டம் பார்க்காமல் ஒட்டியிருக்கிறான். தண்ணீர் ஊற்றினால் எங்கள் படுக்கைக்கே வருகிறது. அபராதம் தீர்ந்த பிறகுதான் அனுப்புவார்களாம். கட்ட முடியாதவர்கள் இங்கேயே கிடக்கிறார்கள், எப்போது போவோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கைதிகளைப் பார்க்க வாரம் ஒருமுறை வரும் ஒரு பெரியவர் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பார். அவர் விலாசத்துக்கே பதில் எழுது.

அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரிய வேண்டாம்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு எழுது. நான் அங்கே இருந்ததால்தானே அக்கா கல்யாணம் நல்லபடியாக நடந்தது? இங்கே பக்கத்தில் இருப்பவர்கள் எதற்காகத் தங்கினாய், முட்டாளா என்று கேட்கிறார்கள். அக்காவுக்காக என்று சொல்கிறேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்குக் கண் மூடுகிறது. வீணாகப் போகவில்லை என்று உன் கையால் ஒரு வரி எழுது.

அண்ணன்


செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அபராதத்தைப் பற்றி என்ன செய்யலாம் என்று டிரைவர் மாமாவிடம் கேட்டிருக்கிறேன். தனக்குத் தெரிந்த ஒருவருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றிருக்கிறார். இப்போதெல்லாம் அவரிடம் கேட்க எனக்குக் கை வியர்ப்பதில்லை.

அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் சௌக்கியம். மாமியார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம். மாப்பிள்ளை கடைக்கு மேலே மாடி கட்டுகிறாராம். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். ஆமாம் அண்ணா. உன்னால்தான் நடந்தது. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று நான்தானே கேட்டேன். வெளிநாடு என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் அந்த அம்மா சரி என்றார்கள். மண்டபத்திலும் வந்தவர்களிடமெல்லாம், "பொண்ணோட தம்பி வெளிநாட்டுல இருக்கான்" என்று அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். நடுவில் நீ வந்திருந்தால் நிச்சயமாக நின்றுபோயிருக்கும். அக்கா இன்றைக்கு அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்கிறாள் என்றால் அது நீ அங்கே இருந்ததால்தான்.

யார் கேட்டாலும் அப்படியே சொல்.

ஒரு நாள்கூட வீணாகவில்லை. தூங்கு அண்ணா.

உன் தங்கை,
பூச்சி